நூல்நிலையமும் வளர்ந்தோர் கல்வியும்



நம் ஊர் வாசிகசாலைகளில் மாலை வேளைகளிலே ஒரு காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருவர் பத்திரிகையை விரித்து உரத்து வாசிப்பார்; நாலைந்து பேர் சுற்றியமர்ந்து கேட்பர். கேட்போருள் எழுத்தறியாதாரும் உளர். எழுத்தறிந்தும் கண் மங்கியோரும் உளர். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாக நாள்தோறும் சொல்வோரும் உளர். இம்மூன்றாம் வகையினரைக் கருத்திற் கொண்டே இன்று நூல்நிலையத்தைப் பற்றிச் சிறிது பேச விரும்புகின்றேன்.

என் இளமைக் காலத்தில் எங்கள் ஊரில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தார். தோட்டஞ் செய்பவர். புகையிலைக் கன்றுக்கு வந்த நோய் இன்னதென்பதை இலையைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு நாள் காணி உறுதியொன்றை என்னிடம் நீட்டி, “தம்பி, எழுத்துப் பொடியாய்க் கிடக்கு, ஒருக்கா வாசி” என்றார். எழுத்து ஒன்றும் பொடியன்று. நான் வாசித்தேன். எல்லைகள் வரும் பகுதியை மறுமுறையும் வாசிக்கச் சொன்னார். பின்னர்த் தம் விரலை ஒரு சொல்லின்மேல் வைத்து, “இதுதானே என்ரை பேர்?” என்று கேட்டார். அது அவருடைய பெயரன்று, அயற்காணிக்காரர் பெயர். அறுபது வயது வரை தம் காணியைப் பற்றிய உண்மையைப் பிறர் வாய்கொண்டே அறிய வேண்டியிருந்த அம்மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனாற் பிள்ளைகள் பெற்ற பயன் அளவிடற்கரியது. ஆயினும், அன்று ஏற்கெனவே மீசை அரும்பிக் கலப்பை பிடித்துவிட்டவர்களைப் பாடசாலை எவ்வாறு சென்றடையும்? அவர்களுக்கென வேறொரு வாயில் வேண்டும். அவ்வாயில் வயது கேட்கலாகாது, இடாப்பில் பெயர் கூப்பிடலாகாது, பரீட்சை வைக்கலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, வருபவரை வெட்கப்படுத்தலாகாது. இவ்வியல்புகள் அனைத்தும் பொருந்திய இடம் பொது நூல்நிலையம் ஒன்றேயாம்.

ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, 1949 ஆம் ஆண்டில் பொது நூல்நிலையம் பற்றிய தன் கொள்கை விளக்கத்தை வெளியிட்டது. நூல் இரவல் கொடுப்பதோடு நூல்நிலையத்தின் கடமை முடிந்துவிடாது, அது மக்கட் கல்விக்கு உயிருள்ளதொரு சக்தியாக விளங்க வேண்டும் என்பது அதன் கருத்து. கருத்துச் சொல்லுதல் எளிது. வறுமையும் எழுத்தறியாமையும் மிக்க ஆசிய நகரொன்றில் அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதல்லவா கேள்வி? அதனைச் சோதித்தறியத் தெரிந்தெடுக்கப்பட்ட நகரம் டில்லி.

யுனெஸ்கோவும் இந்திய அரசாங்கமும் சேர்ந்து நிறுவிய டில்லிப் பொது நூல்நிலையத்தை 1951 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு திறந்து வைத்தார். பழைய டில்லிப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில், முன்னர்ப் படையினரின் சிற்றுண்டிச்சாலையாயிருந்த கட்டிடமே அதற்குக் கிடைத்தது. நாட்டுப் பிரிவினை நிகழ்ந்து நான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன. வீடு வாசல் இழந்து வந்த அகதிகள் நகரெங்கும் நிறைந்திருந்தனர். இந்தி, உருது, ஆங்கிலம் என்னும் மும்மொழி நூல்களும் அங்கே வைக்கப்பட்டன. கட்டணமில்லை. அலுமாரிகளுக்குப் பூட்டுமில்லை. வாசகர் தாமே சென்று நூலை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். இன்று இது நமக்குப் பெரிதாகத் தோன்றாது. அக்காலத்தில் நூல்நிலையமென்றால் பூட்டிய கண்ணாடிக் கதவும், சீட்டெழுதிக் கொடுத்து நெடுநேரம் காத்திருத்தலும், எழுதுவினைஞரின் கடுகடுத்த முகமுமே பலருக்கு நினைவில் வரும். நூலைத் தொட்டுப் பார்க்கும் உரிமை எளியவனுக்கும் உண்டு என்று காட்டியதே டில்லியின் முதற் பாடமாகும்.

இரண்டாவது பாடமே நம் பொருளுக்கு நெருங்கியது. அந்நூல்நிலையத்தில் சமூகக் கல்விக்கெனத் தனிப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. விரிவுரைகள், கலந்துரையாடல்கள், திரைப்படக் காட்சிகள், நாடகம், இசை ஆகியவற்றை அப்பிரிவு நடத்தியது. புதிதாய் எழுத்தறிந்தோருக்கு ஏற்ற நூல்களையும் அது கருத்திற் கொண்டது. இலண்டனுக்கு அருகே லேட்டன் நகரில் நூலகராயிருந்த எட்வேட் சிட்னி தொடக்கக் காலத்தில் ஆலோசகராகப் பணி செய்தார். லூட்டன் நகர நூலகர் பிராங்க் கார்ட்னர் இம்முயற்சியை ஆராய்ந்து எழுதிய அறிக்கையை யுனெஸ்கோ 1957 இல் வெளியிட்டது. 1953 இல் ஊர்தியொன்றும் நூல்களைச் சுமந்துகொண்டு நகரின் பல பகுதிகளுக்கும் செல்லலாயிற்று. டில்லியின் பின்னர்த் தென்னமெரிக்காவில் மெடலின் நகரிலும், ஆபிரிக்காவில் எனுகு நகரிலும் யுனெஸ்கோ இத்தகைய முன்னோடி நூல்நிலையங்களை அமைக்கத் துணை நின்றது.

நாடகத்துக்கும் நூலுக்கும் என்ன தொடர்பு, இஃது ஆட்களைச் சேர்க்கும் உபாயந்தானே என்று சிலர் கேட்பதுண்டு. உபாயம் மட்டுமன்று. எழுத்தறியாதவன் அறிவிலியல்லன். அவனிடத்தே செவிவழி வந்த பெருஞ் செல்வம் உண்டு. கூத்தில் ஓரிரவு முழுவதும் வரும் பாட்டையும் வசனத்தையும் மனத்திற் பதித்து வைத்திருக்கும் அண்ணாவியார், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் இடுபவராய் இருக்கலாம். அவர் அறிந்ததிலிருந்து தொடங்கி, அறியாததற்கு அழைத்துச் செல்லுதலே முறை. கேள்வி வழியே வந்தவரை வாசிப்புக்குக் கொண்டுபோதல் என்று இதனைச் சொல்லலாம்.

இன்னுமொரு காரணமும் உண்டு. சில மாதம் இரவு வகுப்பிற் படித்து எழுத்தைக் கூட்டத் தெரிந்துகொண்ட ஒருவர், பின்னர் வாசிக்க ஒன்றுமின்றி இருப்பாராயின், கற்றதை மறந்துவிடுவார். எத்தனையோ நாடுகளில் எழுத்தறிவு இயக்கங்கள் இவ்வாறு வீணாயின. அவருக்கு எதைக் கொடுப்பது? பாலபாடத்தைக் கொடுத்தால், “அணில், ஆடு” என்று பேரப்பிள்ளையோடு சேர்ந்து சொல்ல அவர் மனம் ஒப்பாது. எழுத்துப் பெரிதாய், வாக்கியம் சிறிதாய், பொருள் மட்டும் வளர்ந்தவருக்கு உரியதாய் அமைந்த நூல் வேண்டும். நான் சொன்ன பெரியவருக்கு ஏற்ற முதல் நூல் எது என்று என்னைக் கேட்டால், காணி உறுதியை வாசிப்பது எப்படி என்னும் எட்டுப் பக்கப் பிரசுரம் ஒன்று போதும் என்பேன். இத்தகைய நூல்களை எழுதுவார் இன்றும் அரியர். பெரிய நூல் எழுதுவோருக்குள்ள மதிப்பு இவற்றை எழுதுவோருக்கு இல்லை; அது நம் குறை.

டில்லிக்கு முன்னரே நம் மொழி வழங்கும் மண்ணிலும் இவ்வெண்ணம் வேரூன்றியிருந்தது. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் 1931 ஆம் ஆண்டிலே நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல் பூட்டி வைத்தற்கன்று, பயன்படுத்தற்கே என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. அதே ஆண்டில் தஞ்சை மாவட்டத்து மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியொன்று நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்றது. நூலைத் தேடி வாசகன் வராவிடில் வாசகனைத் தேடி நூல் போகட்டும் என்னும் துணிவு அது. கேரளத்தில் 1945 இல் பி. என். பணிக்கர் 47 நூல்நிலையங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய இயக்கம் ஊர்தோறும் பரவியது. அந்நாட்டின் வடபகுதியில் பீடி சுற்றுந் தொழிலாளர், தங்களுள் ஒருவரைப் பத்திரிகையும் நூலும் வாசிக்க விட்டு, அவர் சுற்றவேண்டிய பீடியைத் தாம் சுற்றிக் கொடுத்தனர். படிப்புக்கு இதனினும் நேர்மையான சந்தா வேறுண்டோ, நான் அறியேன்.

யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் வரலாற்றையும் ஈண்டு நினைத்தல் தகும். 1933 இல் கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டில் வாடகை அறையொன்றில் நூல்நிலையமாய் உருப்பெற்றது. பின்னர் இரங்கநாதன் ஆலோசனை கூற, சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த அமைப்பிலே புதிய கட்டிடம் எழுந்து 1959 இல் திறக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு மூண்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்குங் கிடையாத சுவடிகளும் அழிந்தன. அக்கட்டிடம் மீண்டெழுந்து 2004 ஆம் ஆண்டு முதல் வாசகர்க்குப் பயன்பட்டு வருகின்றது. எரிந்தவற்றுட் பல, பாடசாலைக் கல்வி வாய்க்காதவர் தம் ஊரையும் முன்னோரையும் பற்றி அறிதற்கிருந்த ஒரே வழி. அச்சிட்ட நூலைத் திரும்ப வாங்கலாம். சுவடியை எங்கே வாங்குவது?

இனி, நூல்நிலையத்தில் ஒரு நிகழ்ச்சி எவ்வாறு நடைபெறவேண்டும் என்பதைப் பார்ப்போம். நம்மவர் நடத்தும் முறை உங்களுக்குத் தெரியும். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, மாலை, பொன்னாடை, நன்றியுரை. இவையெல்லாம் முடிந்து எழுந்து போகும் அன்பர், பக்கத்து அறையிலிருந்த ஒரு நூலையும் ஏறெடுத்துப் பாரார். நூல்நிலையத்தில் நடந்தது என்பதன்றி, நூல்நிலையத்தோடு அதற்கு யாதொரு சம்பந்தமும் இல்லை.

வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு மாலை என்று அறிவியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதைக் கேட்டு வராதவர் யார்? நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக் கற்பாறை. மாரி மழை அதனூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்திற் கொட்டும் இரசாயனப் பசளையின் நைத்திரேற்று அதே வழியாற் கிணற்றுக்கு இறங்கும். இதை அறிந்தவர் ஒருவர் அரைமணி நேரம் படம் வரைந்து விளக்கட்டும். பின்னர் ஒரு மணி நேரம் வந்தவர்கள் பேசட்டும். எந்த மூலைக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கிறது என்பது பேச்சாளருக்குத் தெரியாது, தோட்டக்காரருக்குத் தெரியும். வாயிலருகே மேசையில் இப்பொருள் பற்றிய நூலும் துண்டுப் பிரசுரமும் படமும் கிடக்கட்டும். போகும்போது ஒருவர் ஒன்றை எடுத்து, பொடி எழுத்தென்று சொல்லி மகளிடம் கொடுப்பார். நூலகர் அதைக் கவனித்து, அடுத்த முறை பெரிய எழுத்துப் பிரதியை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவேண்டும். வாய் திறந்து ஒன்றுஞ் சொல்லலாகாது.

கேட்டலோடு கலந்துரையாடல் சேரும்போது என்ன நிகழும் என்பதற்கு வானொலியிலேயே சான்றுண்டு. 1956 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உதவியோடு அகில இந்திய வானொலி, பூனாவைச் சூழ்ந்த ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களைத் தெரிந்து, உழவர் கேட்போர் மன்றங்களை அமைத்தது. வாரம் இருமுறையாக 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. மன்றத்தார் கூடியிருந்து கேட்டு, உடனே விவாதித்து, ஐயங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பினர். மன்றமில்லாத கிராமங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மன்றமிருந்த கிராமத்தார் அறிவிற் பெரிதும் முன்னேறியிருந்தமை புலனாயிற்று. ஒலி எல்லார் காதிலும் ஒன்றாகவே விழுந்தது. பேசிப் பார்த்தவருக்கே அது நிலைத்தது. நம் வாசிகசாலைகளில் ஒரு வானொலிப் பெட்டியும் நாலு வாங்கும் இட்டு இவ்வாறு செய்தற்குப் பெருஞ் செலவு வராது.

தடைகளும் உண்டு. நம் நூல்நிலையங்களிற் பல, மாணவர் பரீட்சைக்குப் படிக்கும் மண்டபங்களாகி வருகின்றன. மாணவர்மேற் குற்றமில்லை, அவர்களுக்கு வீட்டில் இடமும் அமைதியும் வேண்டுமே. ஆயினும், சீருடைப் பிள்ளைகள் நிறைந்த மண்டபத்தினுள் அறுபது வயதானவர் நுழைந்து எழுத்துக்கூட்டி வாசிப்பாரா? அவருக்குத் தனியே ஓர் அறை, இல்லையேல் ஒரு மூலையாவது வேண்டும். பெண்கள் நிலை இன்னும் கடினம். சமையலும் குழந்தையும் அவர்களை விடுவதில்லை. தாய் நூல் பார்க்கும் நேரத்தில் பிள்ளைக்குக் கதை சொல்ல ஒருவர் இருந்தால், இருவர்க்கும் ஒருங்கே பயனாகும்.

நேரமும் அத்தகையதே. பிற்பகல் ஐந்து மணிக்குப் பூட்டும் நூல்நிலையம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவருக்கு உதவும். தோட்டக்காரர் மாலை இறைப்பு முடித்து, கைகால் கழுவி, வெற்றிலையும் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டும்போது மணி ஏழாகிவிடும். அவரை அழைக்க விரும்பும் வாசிகசாலைக் காரியதரிசி, முதலில் திறப்பை யார் கையில் வைத்திருப்பது, ஒன்பது மணி வரை விளக்கை யார் பார்த்துக்கொள்வது என்பவற்றைத் தீர்மானித்துக்கொண்டு, அதன்பின் அழைப்பிதழை அச்சிடக் கொடுப்பாராக.