வெள்ளம் வடிந்த பாறையிடுக்கு

1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் என்னும் சிற்றூருக்கு அருகே, ஆன்டலோப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் 12 பேர் இறங்கியிருந்தனர். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெய்யவில்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் பல கிலோமீட்டருக்கு அப்பால், அந்தப் பள்ளத்தாக்கிற்கு நீர் வந்து சேரும் மேட்டு நிலத்தில், இடியுடன் மழை கொட்டியிருந்தது. சற்றைக்கெல்லாம் சேறும் கல்லும் மரத்துண்டும் கலந்த வெள்ளம் அந்த இடுக்கினுள் சீறிப் பாய்ந்தது. பதினோரு பேர் மாண்டனர். உயிர் தப்பியவர் வழிகாட்டி ஒருவர் மட்டுமே. அவர் உடுத்தியிருந்த துணியைக்கூட வெள்ளம் விட்டுவைக்கவில்லை.

மழை இல்லாத இடத்தில் வெள்ளம் எப்படி வந்தது? வந்த வெள்ளத்திற்கு இத்தனை வலிமை ஏன்? அது வடிந்த பிறகாவது அந்த இடுக்கு பழைய இடுக்காக இருக்குமா? இந்த மூன்றாவது கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. எனக்கு அதுதான் மிகச் சுவையானதாகப் படுகிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அரிசோனா, யூட்டா மாநிலங்களில் நவஹோ மணற்கல் என்னும் பாறை பரந்து கிடக்கிறது. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவன மணற்குன்றுகளாக இருந்தவை இறுகிக் கல்லாகிவிட்டன. இந்தப் பாறையில் எங்கேனும் ஒரு வெடிப்பு இருந்தால் மழைநீர் அதன் வழியே ஓடும். நீருடன் வரும் மணல், வாள் மரத்தை அறுப்பதுபோல் பாறையைக் கீழ்நோக்கி அறுக்கும். பக்கச் சுவர்கள் சரிந்து அகலுவதைவிட அடித்தளம் ஆழமாவது விரைவாக நடப்பதால், பள்ளத்தாக்கு அகலமில்லாமல் ஆழமாகிவிடுகிறது. கைகளை விரித்தால் இரு சுவர்களையும் தொடலாம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கோடாகத் தெரியும். இவற்றை இடுக்குப் பள்ளத்தாக்குகள் என்று அழைப்போம். கயிறு கட்டி இறங்கியும், நீந்தியும், தவழ்ந்தும் இவற்றைக் கடந்து செல்வது அங்கே ஒரு வீர விளையாட்டு. அதற்குக் கான்யனியரிங் என்று பெயர்.

அந்த வறண்ட நாட்டிலும் கோடையின் பிற்பகுதியில் ஒரு பருவமழை உண்டு; அவர்களும் அதை மான்சூன் என்றே சொல்கிறார்கள். மண்ணும் புல்லும் அதிகமில்லாத வெறும் பாறைமேல் பெய்யும் மழை ஊறாமல் வழிந்து ஓடிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் 25 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மொத்த நீர் 2,50,000 கன மீட்டர். அதில் பாதி ஊறிவிட்டது, மீதிப் பாதி ஒரு மணி நேரத்தில் வழிந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர் வரும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இந்த நீர் 70 மீட்டர் அகலமுள்ள ஆற்றில் ஓடினால் ஆழம் அரை மீட்டர், அதாவது முழங்கால் அளவுதான். அதே நீர் இரண்டு மீட்டர் அகலமுள்ள இடுக்கில் வினாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் ஓடினாலும் ஆழம் நான்கு மீட்டருக்கு மேல். அகலத்தில் இடமில்லாத நீர் உயரத்தில் இடம் தேடிக்கொள்கிறது.

உயரத்தைவிட வேகமே கொடியது. ஓடும் நீர் தன் எதிரில் நிற்கும் பொருளைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இடுப்பளவு நீரில் நிற்பவர்மேல், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 250 நியூட்டன் விசை விழும். அது 25 கிலோ மூட்டையின் எடைக்குச் சமம். பலசாலி ஒருவர் தாங்கிக்கொள்வார். வேகம் நான்கு மீட்டரானால் விசை பதினாறு மடங்காகி 4,000 நியூட்டன் ஆகிவிடும். நீரின் மிதப்பு விசை வேறு அவர் எடையைக் குறைத்துவிடுவதால், கால் தரையில் ஊன்றுவதற்கான உராய்வும் குறைகிறது.

கற்களுக்கும் இதே கதிதான். மணற்கல் நீருக்குள் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கும். இதனுடன் ஒரு பழைய விதியையும் சேர்த்துப் பாருங்கள். கல்லைத் தள்ளும் விசை அதன் முகப்பரப்பையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. அதைத் தடுக்கும் எடையோ அதன் கன அளவைப் பொறுத்தது. இரண்டையும் சமன்படுத்தினால், நகரக்கூடிய கல்லின் பக்க நீளம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வரும். ஆகவே அதன் நிறை வேகத்தின் ஆறுமடிக்கு நேர்விகிதத்தில் வரும். வேகம் இரண்டு மடங்கானால் 64 மடங்கு கனமான கல் உருளும்! வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். நானும் முதலில் நம்பவில்லை. காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். வெள்ளம் வடிந்து, வானம் தெளிந்து, சில நாட்கள் கழித்து ஒரு குழுவினர் அதே இடுக்கில் இறங்குகிறார்கள். கையில் சென்ற ஆண்டு எழுதிய குறிப்பு இருக்கிறது. ‘மூன்று மீட்டர் இறக்கம், பெரிய மரத்துண்டில் கயிறு கட்டலாம்’ என்கிறது குறிப்பு. அங்கே போனால் மரத்துண்டைக் காணோம். கீழே குவிந்திருந்த மணலை வெள்ளம் வாரிச் சென்றுவிட்டதால் இறக்கம் ஆறு மீட்டராகிவிட்டது. வேறோரிடத்தில் நேர்மாறாக, ஆழமான குளம் மணலால் தூர்ந்து தரையாகிக் கிடக்கிறது. நீர் கலங்கியிருப்பதால் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது, குதிப்பது மடமை. இவை அனைத்திற்கும் மேலாக இன்னொரு சங்கடம் உண்டு. ஓர் இறக்கத்தில் எல்லோரும் இறங்கியபின், அடுத்த இறக்கத்திற்கு வேண்டுமென்று கயிற்றை உருவி எடுத்துக்கொள்வார்கள். உருவிய பிறகு மேலே திரும்ப வழியில்லை. முன்னால் என்ன இருந்தாலும் கடந்தே ஆகவேண்டும்.

முன்னால் இருப்பது பெரும்பாலும் குடக்குழியாக இருக்கும். சுழலும் நீரில் சிக்கிய கற்கள் ஆட்டுக்கல்லின் குழவிபோல் பாறையைக் குடைந்து உண்டாக்கும் வட்டக்குழி இது. இதில் நீர் விளிம்புவரை நிரம்பியிருந்தால் கவலை இல்லை. நீந்திப் போய் விளிம்பைப் பிடித்து ஏறிவிடலாம். முற்றிலும் வற்றியிருந்தால் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறலாம். பாதி நிரம்பியிருக்கும்போதுதான் அது பொறியாகிறது. கால் அடியைத் தொடாது, கை விளிம்பை எட்டாது, சுவரோ வழவழப்பு. மிதந்துகொண்டிருக்கும் ஒருவர் தோழரை மேலே தள்ளினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தாம் அதே விசையுடன் கீழே தள்ளப்படுவார். ஊன்றுவதற்குத் தரை இல்லாமல் யாரையும் தூக்க முடியாது!

இதற்கு ஓர் எளிய உபாயம் வைத்திருக்கிறார்கள். பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டி, எதிர் விளிம்பைத் தாண்டி எறிகிறார்கள். பை அப்பால் தரையில் கிடக்கும். கயிறு விளிம்பில் ஒரு செங்கோணம் வளைந்து குழிக்குள் தொங்கும். அந்த வளைவில் ஏற்படும் உராய்வே இழுவையில் பாதியைத் தாங்கிவிடும். படகைத் துறையில் நிறுத்தும்போது கயிற்றைக் கட்டையில் சுற்றுகிறார்களே, அதே தத்துவம். எஞ்சிய பாதிக்குப் பைக்கும் தரைக்குமுள்ள உராய்வு போதும்.

குளிரையும் மறக்கக்கூடாது. மேலே வெயில் கொளுத்தினாலும் கதிரவன் ஒளி நுழையாத இடுக்கில் நீர் சில்லென்றிருக்கும். நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்துவதால் உடற்சூடு விரைவில் பறிபோகிறது. விரல்கள் மரத்துப்போய் முடிச்சுப் போட முடியாமல் போவதுதான் முதல் அபாயம். அதனால்தான் சின்னஞ்சிறு காற்றுக் குமிழ்கள் நிறைந்த ரப்பர் உடையை அணிகிறார்கள்.

புதிதாகப் படிந்த மணல் இன்னொரு வேடிக்கை காட்டும். நீருடன் தளர்வாகப் படிந்த மணல்மேல் கால் வைத்ததும் அது கூழாகிக் காலை விழுங்கும். இதுதான் புதைமணல். சினிமாவில் காட்டுவதுபோல் ஆளே மூழ்கிவிடுவதில்லை; அதன் அடர்த்தி மனித உடலைப்போல் இரண்டு மடங்கு என்பதால் இடுப்பளவில் மிதந்து நின்றுவிடுவோம். ஆனால் காலைச் சுற்றிப் படியும் மணல் இறுகிவிடும். ஆம்ஸ்டர்டாம் இயற்பியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை உருவவே ஒரு காரைத் தூக்கும் அளவு விசை வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் வராது. காலை மெல்ல ஆட்டி, இடைவெளியில் நீர் புகவிட்டால் மணல் மீண்டும் தளரும்.

இவ்வளவும் தெரிந்தவர்களும் மாண்டிருக்கிறார்கள். 2015 செப்டம்பர் 14ஆம் நாள், யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் கீஹோல் என்னும் இடுக்கினுள் சென்ற ஏழு பேரையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. அன்று வெள்ள அபாயம் உண்டென்ற முன்னறிவிப்பு இருந்தது. அதே நாளில் பூங்காவின் வர்ஜின் ஆற்றில் வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கன மீட்டராக இருந்த நீரோட்டம் பதினைந்தே நிமிடத்தில் 74 கன மீட்டராக ஏறியதை அளவுமானி காட்டிற்று. பதினைந்து நிமிடத்தில் அந்த இடுக்குகளில் எவ்வளவு தூரம் ஓடிவிட முடியும்?

கீழ் ஆன்டலோப்பில் இன்று பாறையில் திருகிப் பொருத்திய உலோகப் படிகள் இருக்கின்றன. நவஹோ வழிகாட்டிகள் இல்லாமல் எவரும் உள்ளே போக முடியாது. 2006 அக்டோபர் 30ஆம் நாள் அங்கே மீண்டும் வெள்ளம் வந்து 36 மணி நேரம் நீடித்தது. அதன் பிறகு ஐந்து மாதங்கள் அந்த இடுக்கை மூடியே வைத்திருந்தார்கள்.