பொம்மைக் கட்டையில் போல்காட்டி மாளிகை

வல்லார்பாடத்திலிருந்து கோஸ்ரீ பாலம் ஒன்றைக் கடந்தால் போல்காட்டித் தீவு. அங்கே 1744-ல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை இன்று ஹோட்டல். விடுமுறைக்கு வந்த பேரனும் நானும் அதை லெகோ கட்டைகளால் கட்டத் தொடங்கினோம். முதல் சுவரைத் தூக்கியதுமே நடுவில் பிளந்தது. இணைப்புக்கு மேல் இணைப்பு நேராக வந்ததுதான் காரணம். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, கீழ்வரிசை இணைப்பை மேல்வரிசைக் கட்டை மூட வேண்டும். மூலையிலும் அப்படியே.

மரப்பலகைக் கதவுதான் பெரும்பாடு. பலகைக் கோடுகள் நெட்டாகத் தெரிய வேண்டுமே! குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மி.மீ., கட்டை உயரம் 9.6, மெல்லிய தட்டு 3.2. ஐந்து தட்டுகள் சேர்ந்தால் 16 மி.மீ., அதாவது இரண்டு குமிழ் அகலம். ஆகவே சுவரில் இரண்டு குமிழ் இடைவெளி விட்டு, பக்கவாட்டில் குமிழுள்ள கட்டையில் தட்டுகளை நிறுத்திச் செருகினோம். கடைசித் தட்டு குமிழில்லாத வழுவழுப்பான ரகமாக இருக்க வேண்டும். உயரத்துக்கு ஆறு குமிழ் நீளத் தட்டு: 48 மி.மீ., சரியாக ஐந்து கட்டை. இந்தக் கணக்குக்குப் பிறகுதான் பேரன் என்னை இன்ஜினியர் என்று ஒப்புக்கொண்டான்!

ஓட்டுக் கூரையைக் கீல் துண்டுகளில் சாய்த்தோம். அதைச் சுவரோடு இறுக்கிப் பூட்டாதீர்கள். உள்ளறைகளைப் பார்க்க முடியாது. சுவர் உச்சியில் வழுவழுப்புத் தட்டுகளைப் பதித்து, நான்கு மூலைகளில் மட்டும் ஒவ்வொரு குமிழ் விட்டால் கூரை வழுக்காது, ஒரு கையால் தூக்கவும் வரும்.