மரம் தேடி – 14: நரம்பாலிக்கு ஊசி இலை கிடையாது

வித்துராவிலிருந்து என் மாமா மகன் போன மாதம் பேசினான். அவனுக்கு இரண்டு இடத்தில் நிலம். ஒன்று வித்துராவிலேயே, பொன்முடிக்கு ஏறும் சாலைக்குப் பக்கம். ரப்பரை வெட்டிவிட்டுச் சும்மா போட்டிருக்கும் முப்பது சென்ட். இன்னொன்று மலைக்கு இந்தப் பக்கம், கடையத்துக்குக் கிழக்கே தாத்தா வழியில் வந்த செம்மண் பூமி. “அத்தான், வெயிலும் வறட்சியும் தாங்குற ஓக், பைன், சிடார் எல்லாம் இருக்காமே. ரெண்டு இடத்துக்கும் தோதா எது வைக்கலாம்?” என்று கேட்டான்.

அப்படிப்பட்ட மரங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் தக்கை ஓக் கோடை முழுக்க மழையில்லாமல் நிற்கும். பாட்டில் மூடும் தக்கை அதன் பட்டைதான். மெக்சிகோவில் மட்டும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஓக் இனங்கள் உண்டு. இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்தின் விளிம்பில் யத்தீர் என்ற காடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 280 மில்லிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு வாழ்கிறது. 1960களில் நட்ட அலெப்போ பைன் அது. மொராக்கோவின் அட்லஸ் மலையில் சிடார் இருக்கிறது.

ஆனால் வறட்சி என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். மத்தியதரைக் கடற்கரை மரங்களுக்கு மழை குளிர்காலத்தில் வரும், கோடை காயும். சிடாருக்குக் குளிரும் வேண்டும். ஈரக் குளிரில் சில வாரம் கிடந்தால்தான் அதன் விதை ஒழுங்காக முளைக்கும். கடையத்தில் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை, அது ஒத்துப்போகலாம். குளிருக்கு எங்கே போவது? வித்துராவில் கதையே வேறு. அங்கே இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில் பிடிக்கும் மழை, ஐப்பசியின் துலா மழையிலும் ஒரு சுற்று வந்துதான் ஓயும். வறண்ட நிலத்து வேர் அந்த ஈரத்தில் அழுகிவிடும்.

பைனில் மட்டும் விதிவிலக்கு உண்டு. கரீபியன் பைன் சூடும் ஈரமும் சேர்ந்த தாழ்நிலத்திலேயே வளரும். சுமத்ராவில் ஒரு பைன் நிலநடுக்கோட்டையே தாண்டித் தெற்கே இறங்கியிருக்கிறது. இயற்கையாக அப்படித் தாண்டிய பைன் அது ஒன்றுதான். வாகமண்ணில் நட்ட பைன் தோப்பில்தான் இன்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வித்துராவிலும் பிழைக்கும் என்றே நினைக்கிறேன். இருந்தும் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் புல்வெளிகளாக இருந்த இடங்களைப் பைனும் வாட்டில் மரமும் எப்படித் தின்றன என்று பார்த்தவன் நான். அதன் ஊசிச் சருகு மெத்தைபோல் படிந்தால் அடியில் செடிகொடி தலைதூக்குவது கஷ்டம். மாசி, பங்குனியில் தீ பிடித்தால் அந்தச் சருகே விறகு.

அவன் நேரில் வரச் சொன்னான், போனேன். பொன்முடிச் சாலையில் கல்லாறு தாண்டி வளைவுகளில் ஏறினால் தேயிலைக்கு நடுவே நெடுநெடுவென்று நிற்பது சில்வர் ஓக். “ஓக் இங்கேயே இருக்கே அத்தான்” என்றான். அது ஓக் இல்லை. கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து தோட்டங்களுக்கு நிழல் தர வந்த மரம். அறுத்த பலகையில் தெரியும் ரேகை ஓக் பலகையைப் போல இருந்ததால் அந்தப் பெயர். ஓக் குடும்பத்தில் ஒரு மரம்கூடத் தென்னிந்தியக் காடுகளில் தானாக முளைத்தது கிடையாது.

சிடார் என்று மர வியாபாரத்தில் பெயர் வாங்கியவையும் அப்படித்தான். சிவப்பு சிடார் என்பது நம் சந்தன வேம்பு. வெள்ளை சிடார் என்பது வெள்ளை அகில். இரண்டும் வேம்பின் பங்காளிகள். வெட்டினால் வாசனை வருகிறது என்பதற்காக, ஊசி இலை மரத்தின் பெயரை இவற்றுக்குச் சூட்டினார்கள். சொந்தப் பெயர் இருக்கும்போது இரவல் பெயரில் அழைத்தால் அந்த மரமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பது என் வருத்தம்.

மலையின் கிழக்குச் சரிவில், மழை மறைவுப் பக்கம், இன்னொரு இரவல் பெயர் நிற்கிறது. இமயமலையின் சிடாரான தேவதாரு வேறு. இங்கே தேவதாரம் என்று சொல்வது செம்புளிச்சானை. காய்ந்த பாறைக் குன்றுகளில், முள்ளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வளரும் சிறுமரம். வைரம் செம்பழுப்பு, வாசனையுள்ளது; சந்தனத்துக்குப் பதிலாக இழைத்திருக்கிறார்கள். கட்டையை வாட்டி இறக்கிய தார் எண்ணெயைப் படகுகளுக்குப் பூசினார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொன்ற பஞ்சத்தில் இதன் இலையைத் தின்று உயிர் பிடித்தவர்கள் உண்டு. வெயிலும் வறட்சியும் தாங்கும் தேவதாரு வேண்டும் என்று கேட்டவனுடைய கடையத்துப் பூமிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி நரம்பாலி. மலையாளத்தில் நிறம்பல்லி. தீபகற்ப இந்தியாவுக்குச் சொந்தமான கூம்புத் தாவர மரம் இது ஒன்றே ஒன்றுதான். பைன், சிடார் இரண்டுக்கும் உண்மையான சொந்தம் என்று இங்கே காட்ட முடிந்தால் இதைத்தான் காட்டலாம். அகத்தியமலைத் தொடரின் பசுமைமாறாக் காடுகளில், கேரளப் பக்கமும் நம் பக்கமும், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. வடகிழக்கு இந்தியாவில் தொடங்கி மியான்மர் வழியாக நியூகினி வரை இதன் உறவுகள் பரவியிருக்க, இடையில் இவ்வளவு தூரம் விட்டு இந்த மலைகளில் தனியாக நிற்கிறது.

பார்த்தால் பைனுக்குச் சொந்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இலை அகலம், எதிரெதிராக வரும், பளபளக்கும். ஓர் இலையைத் திருப்பிப் பிடித்தால்தான் விஷயம் தெரியும். நடு நரம்பு கிடையாது. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் அருகருகே ஓடும். பெயரிலேயே அந்த நரம்பு இருப்பதாக எனக்குத் தோன்றும். மரக்கட்டைபோன்ற கூம்பும் காய்க்காது. சதைப்பற்றுள்ள தோல் மூடிய உருண்டை விதை, பார்வைக்குப் பழம்போலவே இருக்கும். பூக்கும் மரங்கள் நிறைந்த மழைக்காட்டில், அவற்றைப்போலவே அகன்ற இலை விரித்து வெளிச்சம் பிடித்து வாழக் கற்றுக்கொண்ட கூம்புத் தாவரம். ஆண் தனி மரம், பெண் தனி மரம். காற்றுதான் மகரந்தம் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே ஆங்காங்கே சிதறி நிற்கும் மரங்களில் ஒன்றை வெட்டினாலும் இன்னொன்று மலடாகிவிடலாம். அகத்தியமலை 2001இல் உயிர்க்கோளக் காப்பகமானதும், 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் இப்படிப்பட்ட மரங்களுக்குப் பெரிய காவல்.

வித்துராவில் இடவப்பாதிக்கு முன் வெள்ளை அகிலும் சந்தன வேம்பும் வைப்பது, கடையத்தில் ஐப்பசி பிறந்ததும் செம்புளிச்சான் விதைப்பது என்று முடிவு செய்தோம். நரம்பாலியும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தான். வித்துரா அதற்குத் தாழ்வு. அது உயரத்துக் காட்டு மரம். ஒன்று வைத்தாலும் ஆணா பெண்ணா என்று தெரியவே பல வருடம் ஆகும், துணைக்கு இன்னொன்றும் வேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அப்ப மேலயே இருக்கட்டும் அத்தான். ஜனவரியில போணக்காட்டுல இருந்து அகத்தியர்கூடத்துக்கு ஆள் விடுவாங்கல்ல, அப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. எலையத் திருப்பிப் பாக்கணும்.”