மலைக்கு அப்பாலும் அதே ஏலம்

நுழையும்முன்

2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பழகிய இயங்குதளத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்வோர் அறியவேண்டியவை யாவை?

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம். அங்கே பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது. மலைச்சரிவில் விளையும் ஏலம் மாறுவதில்லை. அம்மாநில அரசுப் பள்ளிகளில் கணினிக்கல்வி லினக்ஸ் வழியே நடைபெறுகிறது. இருபுறத்து மாணவர்களும் கட்டுரை தட்டச்சிடுகின்றனர், கணக்கிடுகின்றனர், படம் வரைகின்றனர். செயல் ஒன்றே, செல்லும் வழியே வேறு.

இயங்குதளம் என்பது வன்பொருளையும் பயன்பாட்டு மென்பொருள்களையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருள். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கருநிரலின்மீது அமைந்தது லினக்ஸ். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

புதியவர்க்கான பாடங்கள்

மாறுவதற்கு முன் கோப்புகள் அனைத்தையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர், கணினியில் நிறுவாமலேயே விரலியிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். வலைத்தொடர்பும் அச்சுப்பொறியும் இயங்குகின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

விண்டோஸில் சி, டி எனப் பிரிந்திருக்கும் வட்டுகள் லினக்ஸில் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் கோப்புறைகளாகத் தோன்றும். கோப்புப் பெயரில் ஓர் ஆங்கிலப் பேரெழுத்து சிற்றெழுத்தானாலும் அது வேறு கோப்பாகவே கொள்ளப்படும். மென்பொருள்களை வலைத்தளந்தோறும் தேடாமல், இயங்குதளத்திற்குரிய களஞ்சியத்திலிருந்தே நிறுவுவது முறை. அப்போது கேட்கப்படும் கடவுச்சொல் தடையன்று, காவல்.

தமிழ்க் கோப்புகள்

தமிழில் எழுதுவோர்க்கு இம்மாற்றம் மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீட்டு இடங்களில் தமிழெழுத்துகளை வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், பாடுபட்டு எழுதிய கட்டுரை பொருளற்ற குறிகளாகிவிடும். ஒருங்குறியிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே குறியீடு. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றது. 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. பழகிய விரல்கள் மீண்டும் பழகவேண்டியதில்லை.

பொத்தான் இருக்கும் இடத்தை மட்டும் மனனம் செய்தவர் புதிய திரையின்முன் திகைப்பார். அப்பொத்தான் என்ன செய்கிறது என்பதை அறிந்தவரோ சில நாள்களில் வழி கண்டுகொள்வார். கணினிக்கல்வி தரவேண்டியது அவ்வறிவையே.