கல்லறை தெரியாதவருக்கு எங்கே மெழுகுதிரி ஏற்றுவது?



நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கீழ்பென்னாத்தூரில் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வந்தபோது, வயதான அம்மா ஒருவர் எந்தக் கல்லறைக்கும் போகாமல் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். விசாரித்தேன். அவருடைய பெரியப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்குப் போனவராம். இறந்துவிட்டார் என்று தகவல் வந்ததோடு சரி. "எங்க பாட்டி சாகிற வரைக்கும் எப்படிச் செத்தான், யார் பாத்தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க சாமி. அப்படிக் கேக்கிறது விசுவாசக் குறைவா?" என்றார்.

நம் வேலூர் மறைமாவட்டப் பகுதியில் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். ஆகவே இது அந்த அம்மாவின் கேள்வி மட்டும் அல்ல.

லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்காவின் குடும்பத்தை நினைத்துக்கொண்டேன். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம், கும்லா மாவட்டம், ஜாரி கிராமத்தைச் சேர்ந்த பழங்குடிக் கத்தோலிக்கர். 1971 டிசம்பர் 3 இரவு, அகர்தலாவுக்கு அருகே எல்லைக்கு அப்பால் உள்ள கங்காசாகரில் நடந்த தாக்குதலில், காயம்பட்ட உடலோடு எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளை அடக்கிவிட்டு உயிர்விட்டார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. ராஞ்சியின் முக்கியச் சந்திப்புக்கு அவர் பெயர், 2000-இல் அஞ்சல்தலை, 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர். ஆனால் உடல் ஊர் திரும்பவில்லை. அங்கேயே அகர்தலா பக்கம் அடக்கம் செய்யப்பட்டது. மனைவி பலம்தீனா எக்காவும் சிறு குழந்தையாக இருந்த மகனும் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமலேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

2015 டிசம்பரில், அவர் கல்லறை மண் என்று ஒரு கலசம் அரசு மரியாதையோடு ஜாரிக்குக் கொண்டுவரப்பட்டது. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. இது அவருடைய கல்லறை மண்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். பின்னர் 2016 ஜனவரியில் அவர்களே திரிபுராவுக்குச் சென்று, இடத்தைப் பார்த்து, மண் எடுத்து வந்தார்கள்.

மேடையும் மாலையும் காத்திருக்கும்போது ஒரு விதவைத் தாய் ஆதாரம் கேட்பது எளிதல்ல. சிலருக்கு அது நன்றிகெட்டதனமாகக்கூடத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விவிலியத்தில் தாவீதும் இதைத்தானே செய்தார்? சவுலும் யோனத்தானும் மாண்டார்கள் என்று ஓடிவந்து சொன்ன அமலேக்கியனிடம், அது உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதலில் கேட்கிறார் (2 சாமு 1). அவன் சொன்ன கதையை முந்திய அதிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. போர்க்களத்திலிருந்து வரும் முதல் செய்தி அன்றும் நம்பத்தக்கதாக இல்லை. பல ஆண்டுகள் கழித்து, தன் பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் விலங்கும் தொடாதபடி இரவு பகலாகக் காத்த ரிஸ்பாவைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான், தாவீது சவுல், யோனத்தான் எலும்புகளைத் தேடிக் கொணர்ந்து மூதாதையர் கல்லறையில் அடக்கம் செய்கிறார் (2 சாமு 21). ஒரு தாயின் பிடிவாதம் அரசனுக்கே கடமையை நினைவூட்டியது.

உலக நாடுகள் இதைச் சட்டமாகவே எழுதிவைத்துள்ளன. போரில் இறந்தவர்களைத் தேட வேண்டும், அடையாளம் பதிய வேண்டும், கல்லறையைக் குறித்துவைக்க வேண்டும் என்கிறது 1949-ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை. ஆனாலும் மலையும் பனியும் எதிரியின் குண்டும் இடையில் நிற்கும். 1999 மே 29 அன்று கார்கிலில் வீழ்ந்த நம் திருச்சி மேஜர் சரவணனின் உடல் ஜூலையில்தான் மீட்கப்பட்டது. அத்தனை நாளும் வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சாப்பிட்டிருப்பார்கள், எப்படித் தூங்கியிருப்பார்கள்?

நான் இளங்குருவாக இருந்தபோது, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் "எப்படி நடந்தது சாமி?" என்று கேட்டார். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவர் கேட்டது கடவுளைப் பற்றி அல்ல, மகனைப் பற்றி. அது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

இனி நடைமுறைக்கு வருவோம். உடல் கிடைக்காவிட்டாலும் இறந்தவருக்காக அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், திருச்சபை அதை அனுமதிக்கிறது. உயிர்த்தெழுதல் கல்லறையின் முகவரியைப் பொறுத்ததல்ல. பர்மாவில் வீழ்ந்து, கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் யாங்கூன் அருகே தாவுக்யான் கல்லறைத் தோட்டத்து நினைவுத் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அந்தப் பதிவுகளைப் பராமரிக்கிறது. பிற்காலப் போர்களில் இறந்தவர்களின் குடும்பத்தார், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அந்தந்த ரெஜிமெண்டின் ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். படை எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த அம்மாவிடம், பழைய டிரங்குப் பெட்டியில் கடிதமோ பதக்கமோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பதக்கத்தின் விளிம்பில் சில சமயம் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். ஞாயிறு பூசைக்குப் பிறகு எடுத்து வருவதாகச் சொன்னார்.