முதலாண்டு மாணவரின் கட்டுரைப் பயிற்சி: பெங்களூர்த் தமிழ் வகுப்பில் ஆசிரியர் பெறும் பயன்

கல்லூரி முதலாண்டு மாணவர்க்குக் கட்டுரை எழுதப் பயிற்றுவிப்பது மொழியாசிரியர் பலரும் விரும்பி ஏற்கும் பணி அன்று. இலக்கியம் கற்பித்தலுக்குரிய மதிப்பு இதற்கு இல்லை. திருத்த வேண்டிய தாள்களோ மிகுதி. எனினும், மொழி இயங்கும் முறையை அறிய விரும்புவோர்க்கு இத்தாள்களை ஒத்த சான்று வேறு எளிதில் கிட்டுவதில்லை. பெங்களூர்க் கல்லூரிகளில் தமிழை மொழிப்பாடமாகக் கொள்ளும் மாணவரின் எழுத்து இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இம்மாணவருள் பலர் வீட்டில் தமிழ் பேசுபவர். பள்ளியில் ஆங்கிலத்தையும் கன்னடத்தையும் எழுதப் பழகியவர். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி தமிழ்நாட்டு மாணவர்க்கும் பொதுவே. சார்லஸ் பெர்குசன் இரட்டை வழக்குப் பற்றி 1959இல் எழுதிய கட்டுரையிலேயே தமிழும் சுட்டப்பெற்றுள்ளது. ஆனால் சென்னை மாணவர் நாளிதழையும் சுவரொட்டியையும் கடைப்பலகையையும் படித்தே அவ்விடைவெளியை ஓரளவு கடந்துவிடுகிறார். பெங்களூர் மாணவரைச் சூழ்ந்துள்ள எழுத்துப் பெரும்பாலும் கன்னடமும் ஆங்கிலமுமே. எனவே எழுத்துத் தமிழில் தமக்குச் சொல் கிட்டாத இடங்களை அவர் கன்னடத்தின் துணைகொண்டு நிரப்ப நேர்கிறது.

இத்துணை எழுத்துப்பிழையாக வெளிப்படின் அதனைக் காண்பது எளிது. இன்றைய கன்னடத்தில் ழகரமும் றகரமும் வழக்கொழிந்தவை. ஆகவே அவ்விடங்களில் தடுமாற்றம் எதிர்பார்க்கத்தக்கதே. (தமிழ்நாட்டு மாணவரும் அங்குத் தடுமாறுகின்றனர் என்பது வேறு செய்தி.) கூர்ந்து நோக்க வேண்டியவை பொருள்நிலையில் நேரும் மாற்றங்களாகும். 'அவகாசம்' தமிழில் கால இடைவெளியைக் குறிக்கும். கன்னடத்தில் அச்சொல் பெரும்பாலும் வாய்ப்பைக் குறிக்கிறது. 'எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை' என ஒருவர் எழுதினால் அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. திருத்துபவர் நேரமின்மை எனக் கொண்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவார். எழுதியவர் கருதியதோ வாய்ப்பின்மையாக இருக்கலாம். தமிழில் திருமணத்தைக் குறிக்கும் 'கல்யாணம்' கன்னட அரசுத்துறைப் பெயர்களில் நலன் என்னும் பொருளில் வழங்குகிறது. உணவைக் குறிக்கும் பெயருடன் 'செய்' என்னும் பொருளுடைய வினை சேர்ந்தால் கன்னடத்தில் அது உண்ணுதல், தமிழில் சமைத்தல். கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர் இடறும் இடங்களும் இவையே. இவ்வாறான சொற்களின் பட்டியலை, அகராதியைக் காட்டிலும் முதலாண்டுக் கட்டுரைத் தாள்கள் விரைவில் தந்துவிடும். ஆனால் 'நீ இங்குக் கருதியது யாது?' என்று மாணவரை வினவும் ஆசிரியர்க்கே அது கைகூடும்.

கன்னட அறிவு இடையூறு மட்டுமே என்று கொள்வதும் பொருந்தாது. 'மரமெல்லாம் விழுந்துச்சு' என்பது பேச்சுத் தமிழ். அதில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று இல்லாமையால், 'மரங்கள் விழுந்தன' என எழுதுவதைத் தமிழ்நாட்டு மாணவர் புதிதாகவே கற்க வேண்டியுள்ளது. கன்னடத்திலோ ஒரு மரம் விழுந்தால் 'பித்து', பல விழுந்தால் 'பித்தவு' என்னும் வேறுபாடு அன்றாட வழக்கிலேயே உண்டு. இதனைச் சுட்டினால் பெங்களூர் மாணவர் அவ்விதியை எளிதில் பற்றிக்கொள்ள வழியுண்டு. இலக்கண நூற்பாவினும் பக்கத்து வீட்டு மொழி இங்கு நல்லாசிரியராகிறது.

கற்போரின் பிழைகள் ஆசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் கற்போர்க்கும் தனித்தனியே பயன் தருவன என்று பிட் கார்டர் 1967இல் எடுத்துரைத்தார். நியூயார்க் சிட்டி கல்லூரி 1970இல் சேர்க்கை விதிகளைத் தளர்த்தியபோது, எழுத்துப் பயிற்சி குன்றிய மாணவர் பெருந்தொகையினராய் வந்தனர். அவர்களுடைய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை ஆராய்ந்த மினா ஷாக்னசி, அப்பிழைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை 1977இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பெங்களூரில் ந. சு. பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டமும் இங்கு நினைக்கத்தக்கது. அது பள்ளி மாணவர்க்குரியது. எனினும் கற்பவர் கவனம் பொருளின்மேல் நிற்கும்போதே மொழி வடிவம் படிகிறது என்னும் அதன் அடிப்படை, கல்லூரித் தமிழ் வகுப்பிற்கும் ஏற்புடையதே.

மாணவர் பலர்க்கு இம்மொழிப்பாடமே தமிழில் தொடர்ந்து எழுதும் இறுதி வாய்ப்பாக அமைந்துவிடுகிறது. சிவப்பு மையால் நிறைந்த தாள் ஒன்றைப் பெற்றவர் அடுத்த முறை தமக்கு ஐயமில்லாத சொற்களை மட்டுமே கொண்டு, பொருளைச் சுருக்கி எழுதுகிறார். பிழை குறைகிறது, கருத்தும் குறைகிறது. அத்தாளையே மீண்டும் எழுதக் கொடுத்தால், முதற்படியில் 'அவகாசம்' என எழுதியவர் இரண்டாம் படியில் 'வாய்ப்பு' என மாற்றுவதோடு, எவ்வாய்ப்பு, ஏன் கிட்டவில்லை என மேலும் இரண்டு தொடர்களைச் சேர்க்கவும் இடம் ஏற்படுகிறது. ஆண்டிறுதித் தேர்வை நோக்கி விரையும் பாடவேளைகளில் அந்த இரண்டாம் படிக்குத்தான் இடம் காண வேண்டியுள்ளது.