மூக்கறைகளின் வாயில்கள்

மக்கள் முகத்து எலும்புகள் முழுதும் கல்லைப் போலத் திண்ணியன அல்ல. நெற்றியிலும், கன்னங்களிலும், கண்களுக்கு இடையிலும், அதற்குப் பின்னே மூக்கின் ஆழத்திலும் இணை இணையாகக் காற்றறைகள் அமைந்துள்ளன. மருத்துவர் இவற்றைச் சைனஸ் என்பர். கண்ணிடை அறைகள் மட்டும் தேன்கூடு போலப் பல சிற்றறைகளாகப் பிரிந்திருக்கும். எல்லா அறைகளும் சிறு வாயில்களால் மூக்கோடு தொடர்புடையன.

கன்ன அறையை 1651-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் நதானியேல் ஹைமோர் தம் நூலில் விளக்கினார். அவ்வறையின் வாயில் அடியில் இல்லை. உட்சுவரின் மேற்பகுதியில் உள்ளது. அங்ஙனமாயின், உள்ளே ஊறும் சளி வெளியேறுவது எவ்வாறு? அறையைப் போர்த்துள்ள படலத்தில் கண்ணுக்குப் புலனாகா நுண்மயிர்கள் நிறைந்துள்ளன. அவை காற்றில் அசையும் நெற்பயிர் போல அலைந்து, சளியை மேல்நோக்கி உந்தி வாயிலிற் சேர்க்கின்றன. படலம் வீங்கினால் வாயில் அடைபடும், சளி தேங்கும், கிருமிகள் பெருகும், முகம் நோவும்.

நீர் பள்ளத்தை நாடும் என்று கருதிய முற்கால மருத்துவர், கன்ன அறையின் கீழ்ப்பகுதியில் புதுவழி திறந்தனர். எனினும் பலர்க்கு நோய் தீரவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் சளியின் போக்கை ஆராய்ந்து காரணம் கண்டார். நுண்மயிர்கள் புதுவழியைப் பொருட்படுத்தாது, இயற்கை வாயிலை நோக்கியே சளியைச் செலுத்தின! ஆதலின் அவ்வாயிலைச் சீர்ப்படுத்துவதே தக்க முறையெனத் தெளிவாயிற்று.

ஆயினும், சில மில்லிமீட்டர் அளவே உடைய வாயிலை வெளியிலிருந்து காண்பது எங்ஙனம்? 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் அறைகளைக் காட்டின. ஆனால், முன்னும் பின்னும் உள்ள எலும்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தமையின் வாயில் விளங்கவில்லை. ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலப் பொறியியலார் இக்குறையைப் போக்கினார். அவர் அமைத்த கருவியால் 1971-இல் இலண்டனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. இதுவே சி.டி. முறை. பல கோணங்களிற் செலுத்திய கதிர்களின் அளவைக் கணிப்பொறி கணக்கிட்டு, கத்தியின்றியே தலையை ஏடு ஏடாக அரிந்தாற்போலக் காட்டும். இதற்காக அவரும் ஆலன் கார்மக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்படத்திற் காற்று கறுப்பாகவும், எலும்பு வெண்மையாகவும், வீங்கிய படலம் சாம்பல் நிறமாகவும் தோன்றும். நெற்றி அறை, கன்ன அறை, கண்ணிடையின் முன்னறைகள் ஆகியவற்றின் வழிகள் மூக்கின் நடுப்பகுதியில் ஒருங்கு கூடுகின்றன. பல வாய்க்கால் கூடும் மதகு அடைபட்டால் வயலெல்லாம் நீர் தேங்குவது போல, இச்சிறு இடம் அடைபட்டால் அவ்வறைகள் யாவும் துன்புறும். முகத்திற்கு நேராக எடுத்த ஏடுகளில் இவ்விடம் நன்கு புலப்படும்.

தடிமன் பிடித்தார் அனைவர்க்கும் இப்படம் வேண்டுவதில்லை. பெரும்பாலும் தடிமன் தானே தணியும். நோய் நீடித்து அறுவை வேண்டியவழியே இதன் அருமை புலப்படும். கண்ணிடை அறைகளைக் கண்குழியினின்றும் பிரிப்பது தாள் போன்ற மெல்லெலும்பு. மேலே இருப்பதோ மூளை. இவ்வமைப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின், இருட்டில் நடப்பவனுக்கு விளக்குப் போல, அறுவை மருத்துவனுக்கு இப்படம் வழிகாட்டுகிறது. வழியறிந்து செல்லும் கையே கண்ணையும் உயிரையும் காக்கும்.